மாடிப்படி ஏறினால் நகரும் நீர்த்துளி: தெர்மாஸ் குடுவையில் ஒரு காற்றழுத்தமானி

கண்ணாடிப் புட்டியின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒரு ஸ்ட்ராவைப் படுக்கவைத்து ஒட்டி, ஸ்ட்ராவின் முனைக்குப் பின்னால் கோடு போட்ட அட்டையை நிறுத்தினால் "எளிய காற்றழுத்தமானி" தயார். அறிவியல் கண்காட்சி எதற்குப் போனாலும் இது ஒரு மேசையில் இருக்கும். வெளியே அழுத்தம் கூடினால் ரப்பர் உள்ளே அமுங்கும், ஸ்ட்ராவின் முனை மேலே போகும். அழுத்தம் குறைந்தால் ரப்பர் உப்பும், முனை கீழே இறங்கும். விளக்கம் சரிதான். கருவிதான் அந்த விளக்கத்தின்படி நடப்பதில்லை.

இரண்டு கையாலும் புட்டியை ஒரு நிமிடம் பொத்திப் பிடியுங்கள். முனை கீழே இறங்கும். வானிலை அந்த ஒரு நிமிடத்தில் மாறிவிடவில்லை, உள்ளே இருக்கும் காற்று சூடாகிவிட்டது, அவ்வளவுதான். அறை வெப்பநிலை பரம அளவில், அதாவது இயன்றவரை மிகக் குறைந்த வெப்பநிலையைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால், ஏறக்குறைய 300 கெல்வின். அதனால் மூடிய புட்டிக்குள் இருக்கும் காற்றை ஒரு பாகை சூடாக்கினால் அதன் அழுத்தம் கிட்டத்தட்ட 300-ல் ஒரு பங்கு கூடும். கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு பாஸ்கல், நூறு பாஸ்கல் ஒரு ஹெக்டோபாஸ்கல்). அதில் 300-ல் ஒரு பங்கு என்றால் 3.4 ஹெக்டோபாஸ்கல். புயலோ மழையோ இல்லாத சாதாரண நாளில், நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் காலையிலிருந்து மாலைக்குள் காற்றழுத்தம் மாறுவதே அவ்வளவுதான் இருக்கும். அறையின் வெப்பநிலையோ அதே நேரத்தில் நாலைந்து பாகை ஏறி இறங்கிவிடும். ஆக, பலூன் புட்டி உண்மையில் ஒரு வெப்பமானி. அதுவும் மோசமான வெப்பமானி, ஏனென்றால் பலூன் ரப்பர் வழியாகக் காற்று மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

வெப்பநிலையின் குறுக்கீட்டை அடக்கிவிட்டால் வீட்டில் செய்யும் கருவி காற்றழுத்தத்தை நிஜமாகவே காட்டுமா? நான் வைத்துக்கொண்ட இலக்கு ஒரு மாடி. ஒரு மாடி ஏறினால் அழுத்தம் குறைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. 3 மீட்டர் ஏறினால் தலைக்குமேல் இருக்கும் காற்றில் 3 மீட்டர் குறைகிறது. அதாவது 35 பாஸ்கல், மொத்த அழுத்தத்தில் சுமார் 3000-ல் ஒரு பங்கு. ஒரு லிட்டர் காற்றை மூடிவைத்து மேலே கொண்டுபோனால் அது 0.35 மி.லி. விரியப் பார்க்கும். இந்த 0.35 மி.லி.யைப் பலூன் ரப்பரில் தேடினால் கிடைக்காது. 3 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் விட்டால் அதுவே 5 செ.மீ. நீளம்! குழாயைப் படுக்கைவாட்டில் வைத்து, நடுவே ஒரு துளி தண்ணீரை நிறுத்தினால், துளி நகரும் தூரம்தான் அளவு.

பாத்திரத்துக்கு ஒரு லிட்டர் ஸ்டீல் தெர்மாஸ் குடுவையை எடுத்துக்கொண்டேன். இரட்டைச் சுவரும் நடுவே வெற்றிடமும் இருப்பதால் வெளிச்சூடு உள்ளே போக நேரமாகும். சுவர் அழுத்தினால் நெளியாது என்பதும் முக்கியம். பிளாஸ்டிக் பாட்டிலில் செய்தால் விரல் பட்டாலே துளி ஓடிவிடும். குடுவையின் மூடியைக் கழற்றிவிட்டு, வாய்க்குப் பொருந்தும் ரப்பர் தக்கையில் இரண்டு துளை போட்டேன். ஒன்றில் எல் வடிவத்தில் வளைத்த 3 மி.மீ. கண்ணாடிக் குழாய், படுக்கும் பகுதி 30 செ.மீ. நீளம். இன்னொன்றில் சிறிய சிலிக்கோன் குழாய்த் துண்டு, அதை நசுக்கி மூட ஒரு கிளிப்.

இரண்டாவது துளை எதற்கு என்று தோன்றலாம். தக்கையை அழுத்தி உள்ளே தள்ளும்போதே உள்ளிருக்கும் காற்று நெருக்கப்படும், துளி குழாயிலிருந்து தெறித்து வெளியே விழும். கிளிப்பைத் திறந்துவைத்துக்கொண்டு தக்கையைப் பொருத்தி, எல்லாம் அடங்கிய பிறகு கிளிப்பைப் போட்டால் துளி நின்ற இடத்திலேயே நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. அந்தக் குழாய்த் துண்டில் 1 மி.லி. சிரிஞ்சைச் செருகிக் கிளிப்பைத் திறந்தால், துளியை விரும்பிய இடத்துக்குத் தள்ளலாம், இழுக்கலாம். 1 மி.லி. தள்ளினால் துளி எத்தனை செ.மீ. போகிறது என்று பார்த்தால் குழாயின் உள்விட்டமும் சரிபார்க்கப்பட்டுவிடும். 3 மி.மீ. குழாயில் 14 செ.மீ. போக வேண்டும். என் குழாயில் 14-க்கு ஒரு நூல் குறைவு, பரவாயில்லை.

கசிவைச் சோதிக்கவும் அதே சிரிஞ்ச்தான். குழாயின் வெளிமுனையை விரலால் அடைத்துக்கொண்டு அரை மி.லி. காற்றை உள்ளே தள்ளிக் கிளிப்பைப் போட்டு, பத்து நிமிடம் கழித்து விரலை எடுத்தால் துளி துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் தக்கைக்கும் கண்ணாடிக் குழாய்க்கும் இடையில்தான் கசியும். அங்கே எபாக்ஸி பசையைச் சுற்றிவர வைத்து ஒரு ராத்திரி காயவிட்டால் போதும்.

துளிதான் இந்த வேலையிலேயே முரண்டு பிடிக்கும் பகுதி. வெறும் தண்ணீர் குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அழுத்தம் கொஞ்சம் சேர்ந்த பிறகு திடீரென்று குதிக்கும். இப்படிப் பிடித்துக்கொள்வதற்கான அழுத்தம் பிளாஸ்டிக் குழாயில் இருபது, முப்பது பாஸ்கல் வரை போகலாம். நாம் அளக்க நினைப்பதே 35 பாஸ்கல் என்றால் கதை என்னாகும்? அதனால்தான் கண்ணாடிக் குழாய். அதையும் பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்றாகக் கழுவி, அதே திரவத்தை ஊசிமுனை அளவு கலந்த சாயத் தண்ணீரைத் துளியாகப் பயன்படுத்தினேன். சோப்பு கூடினால் துளி நுரைத்துப் படலமாகிவிடும், கொஞ்சம் போதும். படிக்கும் முன் குழாயை விரல் நகத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டால் துளி தன் உண்மையான இடத்துக்கு வந்துவிடும்.

துளியின் நீளம் அரை செ.மீ.க்கு மேல் வேண்டாம். குழாய் செங்குத்தாக நின்றால் 1 செ.மீ. தண்ணீரின் அழுத்தம் 98 பாஸ்கல், கிட்டத்தட்ட மூன்று மாடிக்குச் சமம். குழாய் பத்து பாகை சாய்ந்தாலே அந்த ஒரு செ.மீ. துளி அரை மாடி அளவுக்குப் பொய் சொல்லும். கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தில் சிறியது ஒன்றை வாங்கிக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். குமிழி நடுவில் இருந்தால்தான் அளவை எழுதுவது என்று வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி தீரும்.

மீதித் தலைவலி வெப்பநிலை. மேலே சொன்ன அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குடுவைக்குள் இருக்கும் காற்று பத்தில் ஒரு பாகை சூடானாலும் துளி 5 செ.மீ. நகரும். ஒரு மாடி ஏறுவதும் 0.1 பாகை சூடாவதும் இந்தக் கருவிக்கு ஒன்றே. எனவே குடுவையைத் திறந்தபடி ஒரு ராத்திரி அறையிலேயே விட்டு, உள்சுவரும் அறையும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் தக்கையைப் போட வேண்டும். உள்ளே ஈரம் துளியும் கூடாது. ஈரம் இருந்தால் காற்று விரிவதோடு நீராவியின் அழுத்தமும் சேர்ந்து ஏறும். 28 பாகையில் அது மட்டுமே ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 2 ஹெக்டோபாஸ்கல். குடுவையை முந்தின நாளே கழுவிக் காயவைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டேன். தூக்கும்போது உடம்போடு அணைத்துக்கொள்ளாமல் துணிப்பையில் வைத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவது நல்லது.

சரி, ஏறிப் பார்த்தால்? துளி வெளிப்பக்கமாக நகர்ந்தது, ஒரு மாடிக்கு நாலரை செ.மீ.க்கும் கொஞ்சம் மேல். கணக்குச் சொன்ன 5 செ.மீ.க்கு இது நல்ல நெருக்கம். ஆனால் வெளிப்பக்கம் நகர்ந்ததாலேயே அழுத்தம் குறைந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. சூடானாலும் அது அதே பக்கம்தான் நகரும். மாடி வேறு எப்போதும் கீழ்த்தளத்தைவிடச் சூடு. கீழே இறங்கிப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அழுத்தத்தால் நகர்ந்திருந்தால் இறங்கியதும் துளி பழைய குறிக்கே திரும்பும். சூட்டால் நகர்ந்திருந்தால் திரும்பாது. என் துளி ஏறக்குறைய திரும்பியது. அரை செ.மீ. மிச்சம் நின்றது, அது சூட்டின் பங்கு. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி எடுத்த அளவுகளை வரிசையாக எழுதி, மெதுவாக நகரும் அந்தப் பங்கைக் கழித்துவிட்டால் சுத்தமான எண் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடத்துக்குள் முடிப்பது முக்கியம், நேரம் கூடக் கூடச் சூட்டின் பங்கும் கூடும்.

இதே கேள்வியை 1648-லேயே ஒருவர் ஒழுங்காகச் சந்தித்திருக்கிறார். அழுத்த அலகுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் அக்காள் கணவர் ஃப்ளோரன் பெரியே. அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று பிரான்ஸின் பூய் தெ தோம் மலைமேல் பாதரசக் குழாயை எடுத்துக்கொண்டு ஏறினார். உச்சியில் பாதரசத்தின் உயரம் அடிவாரத்தில் இருந்ததைவிட 8 செ.மீ.க்குச் சற்று மேல் குறைந்திருந்தது. எனக்கு இதில் பிடித்தது மலையேற்றம் அல்ல. இன்னொரு பாதரசக் குழாயை அடிவாரத்தில் ஒரு மடத்தில் வைத்து, நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும்படி துறவி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அது அசையவே இல்லை. அசைந்திருந்தால் மலைமேல் கண்ட மாற்றம் வானிலையால் வந்ததா, உயரத்தால் வந்ததா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அதைப் பார்த்துத்தான் நானும் இன்னொரு குடுவையைச் செய்து கீழேயே வைத்தேன். அதற்கு ஏணி, படி எதுவும் கிடையாது, சும்மா உட்கார்ந்திருப்பதே அதன் வேலை. மேலே போன துளி நகர, கீழே இருந்த துளி நின்ற இடத்திலேயே நின்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

பாதரசம் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம், அது நஞ்சு. தண்ணீரில் அதே வேலையைச் செய்ய 10.3 மீட்டர் உயரக் குழாய் வேண்டும். மூடிய காற்றை நம்பும் கருவியை நாம் செய்வதற்கும், அதனால் வெப்பநிலையோடு மல்லுக்கட்டுவதற்கும் அதுதான் காரணம்.

கைப்பேசியில் அழுத்த உணரி இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லா மாடலிலும் இருக்காது. ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் அழுத்தத்தை வரைபடமாகவே காணலாம். படியேறும்போது கோடு இறங்குவதும், இறங்கும்போது ஏறுவதும் அழகாகத் தெரியும். ஒரு மாடிக்கு 0.35 ஹெக்டோபாஸ்கல், சில வீடுகளில் கூரை உயரத்தைப் பொறுத்து 0.4. துளியோடு பொருந்துகிறது. கைப்பேசியிலேயே தெரியும்போது குடுவை எதற்கு என்று கேட்டால், கைப்பேசி எண்ணை மட்டும் சொல்லும். துளி நகர்வதைப் பார்க்கும்போது காற்றுக்கு எடை இருக்கிறது என்பது கண்ணெதிரே நடக்கிறது.

எதிர்பாராமல் கிடைத்த வேடிக்கை கதவு. ஜன்னல்களை மூடிய அறையில் கதவைச் சட்டென்று வெளிப்பக்கமாக இழுத்தால் துளி வெளியே துள்ளி உள்ளே திரும்பும். காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியைப் போட்டால் துளி கொஞ்சம் வெளியே நகர்ந்து அங்கேயே நிற்கும், அறைக்குள் சில பாஸ்கல் குறைந்துவிட்டது என்று பொருள். பலமாகக் காற்று வீசும் நாளில் துளி சும்மாவே இருக்காது. அப்படிப்பட்ட நாளில் மாடி ஏறும் சோதனையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

300-ல் ஒரு பங்கு என்ற இந்த எண் கையில் வந்த பிறகு பழைய சோதனைகளையும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த டம்ளர். வத்தி அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியானது" என்ற விளக்கம் இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது தவறு. மூடிய இடத்தில் ஆக்சிஜன் 21-லிருந்து சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு அந்த இடத்துக்கு வந்துவிடும். கணக்குப்படி காலியாகும் இடம் இரண்டு சதவீதம்கூட வராது. மீதி எல்லாம் சூட்டின் வேலை. டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடர் உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கி வெளியே தள்ளிவிடுகிறது. அணைந்த பிறகு மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

சோதித்துப் பார்ப்பதும் சுலபம். டம்ளரைச் சுடர்மேல் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டுக் கவிழ்த்தால் தண்ணீர் நிறைய ஏறும். சட்டென்று கவிழ்த்தால் குறைவாக ஏறும். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் வரக்கூடாது. தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்தால் விளிம்பில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறுவதையும் பார்க்கலாம். ஆக்சிஜனை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் நெருப்பே வேண்டாம். ஸ்டீல் நார்ச்சுருளை வினிகரில் நனைத்துப் பிழிந்து, சோதனைக் குழாயின் அடியில் திணித்துத் தண்ணீரில் கவிழ்த்துவையுங்கள். இரும்பு துருப்பிடித்துக்கொண்டே ஆக்சிஜனை விழுங்கும், ஓரிரு நாளில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறி நின்றுவிடும். ஐந்தில் ஒரு பங்கு என்ற எண்ணுக்கு உரிய சோதனை இதுதான்.

தண்ணீர் நிரப்பிய டம்ளரை அட்டை வைத்துக் கவிழ்க்கும் சோதனையிலும் ஒரு நுணுக்கம் விட்டுப்போகிறது. டம்ளர் நிறைந்திருந்தால் பிரச்சினை இல்லை, கீழிருந்து காற்று தாங்குகிறது. பாதி நிரப்பினாலும் அட்டை விழுவதில்லையே, உள்ளே இருக்கும் காற்றும் அதே அழுத்தத்தோடு கீழே தள்ளுமே? அங்கேதான் விடை இருக்கிறது. 5 செ.மீ. தண்ணீரைத் தாங்க உள்காற்றின் அழுத்தம் வெறும் அரை சதவீதம் குறைந்தால் போதும். மேலே 5 செ.மீ. உயரத்துக்குக் காற்று இருந்தால், தண்ணீர் கால் மில்லிமீட்டர் இறங்கினாலே அந்தக் குறைவு வந்துவிடும். அட்டை அவ்வளவு தொய்யும், விளிம்பில் தண்ணீரின் பரப்பு இழுவிசை இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அரை சதவீதம் என்பது ஒன்றரை பாகைச் சூட்டுக்குச் சமம். டம்ளரின் மேல்பகுதியைச் சுடுநீரில் நனைத்த துணியால் சுற்றினால் விளிம்பில் தண்ணீர் சொட்டத் தொடங்கும், சில வேளை அட்டையே கழன்று விழும். வாளிக்கு மேல் செய்யுங்கள்.

குடுவைக்குத் திரும்புவோம். நாள் முழுக்க அழுத்தத்தைப் பின்தொடர தெர்மாஸ் போதாது, நாலைந்து மணி நேரத்தில் சூடு உள்ளே நுழைந்துவிடும். அதற்கு வேறு வழி: சாதாரணக் கண்ணாடி பாட்டிலை, தண்ணீரும் உடைத்த ஐஸும் கலந்த வாளியில் கழுத்துவரை மூழ்கவைப்பது. ஐஸ் மிச்சமிருந்து அவ்வப்போது கலக்கிவிட்டால் வாளி 0 பாகையிலேயே இருக்கும். முழுதாகக் குளிர்ந்த பிறகுதான் மூட வேண்டும், முன்பே மூடினால் உள்ளே அழுத்தம் தாறுமாறாகக் குறைந்துவிடும். படுக்கைக் குழாய் இங்கே உதவாது, துளி 40 செ.மீ. ஓடும். அதனால் யு வடிவக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றி மாட்டினேன். 1 ஹெக்டோபாஸ்கலுக்கு இரண்டு மட்டங்களுக்கும் இடையே 1 செ.மீ. வித்தியாசம் வரும்.

காலை 10 மணி வாக்கில் மூடிவிட்டு மாலை 4 மணிக்குப் பார்த்தபோது வித்தியாசம் 2.7 செ.மீ. கைப்பேசியும் 3 ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவாகவே காட்டியது. வெப்பமண்டலப் பகுதிகளில் இது அன்றாட வழக்கம்: காலை 10, இரவு 10 மணியளவில் அழுத்தம் உச்சம், அதிகாலை 4, மாலை 4 மணியளவில் தாழ்வு. கடலின் ஏற்றவற்றம் மாதிரி வளிமண்டலத்திலும் ஓர் ஓதம். ஆனால் இதை நடத்துவது நிலவு அல்ல, சூரியனின் வெப்பம். நிலவின் பங்கு மிகச் சிறியது.

லிஃப்டில் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: 3 மி.மீ. குழாயில் ஐந்தாறு மாடிக்குள் துளி முனையைத் தாண்டி வெளியே விழுந்துவிடும். 5 மி.மீ. குழாய் போட்டால் ஒரு மாடிக்கு 1.8 செ.மீ.தான், பதினைந்து மாடி வரை 30 செ.மீ.க்குள் அடங்கும். அந்த அகலத்தில் தண்ணீர்த் துளி சரிந்து உடையப் பார்க்கும். குழாயைத் தட்டாமல், லிஃப்ட் முழுதாக நின்ற பிறகு மட்டும் படிக்க வேண்டும்.